வால்பேப்பர் உரிக்கும்போது மேல் தோல் மட்டும் வருகிறது, அடித்தாள் சுவரிலேயே நிற்கிறது: என்ன செய்வது?

மடிப்பாக்கம்_மாடி:

வணக்கம். சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு, இரண்டாம் மாடி. படுக்கையறையில் இரண்டு சுவர்களில் வால்பேப்பர் இருக்கிறது, சேர்த்து சுமார் 220 சதுர அடி. ஒட்டி 9 வருஷம். ஒரு பட்டை ஏறக்குறைய மூன்றரை அடி அகலம். ஒரு சுவர் மேற்குப் பக்க வெளிச்சுவர், ஏசி அதில்தான் மாட்டியிருக்கிறது. இன்னொன்று ஹாலுக்கும் அறைக்கும் நடுவே உள்ள உள்சுவர். இரண்டையும் சுத்தமாக எடுத்துவிட்டு எமல்ஷன் பெயிண்ட் அடிக்க வேண்டும்.

மூலையில் பிடித்து இழுத்தால் பிளாஸ்டிக் மாதிரி மேல் தோல் மட்டும் கையோடு வருகிறது. அடியில் பழுப்பேறிய மெல்லிய தாள் சுவரைவிட்டு வருவதாக இல்லை. மேற்குச் சுவரில் ஜன்னலுக்குப் பக்கத்தில் உள்ளங்கை அளவுக்குப் பட்டியும் (சுவரை வழவழப்பாக்கப் பூச்சின் மேல் தடவும் மெல்லிய படலம்) சேர்ந்து பெயர்ந்துவிட்டது, அந்த இடத்தில் கறுப்புப் புள்ளிகள். வினிகர் கலந்த சூடான தண்ணீர் தெளித்துப் பார்த்தாயிற்று. உள்ளே இறங்காமல் வழிந்து தரைக்கு வந்துவிட்டது.

"இதை ஏன் சார் உரிக்கிறீங்க, மேலேயே பட்டி பார்த்து அடிச்சுடலாம்" என்கிறார் பெயிண்டர். அது சரியா? இல்லையென்றால் பட்டி பெயராமல் தாளை எடுப்பது எப்படி? ஸ்டீம் மெஷின் வாங்கத்தான் வேண்டுமா?

பட்டித்தகடு:

பெயிண்டர் சொன்னதுக்கு முதல்ல பதில்: வேண்டாம். வினைல் மேல சிமென்ட் பட்டி பிடிக்காது, அது சிமென்ட் பூச்சுக்காகச் செய்த சரக்கு. அக்ரிலிக் பட்டி பிடிச்சாலும், அதுல இருக்கிற தண்ணி பட்டைகள் சேருற இடத்துல உள்ளே இறங்கி பசையை இளக்கும். காயும்போது பட்டி சுருங்கி விளிம்பைத் தூக்கும். கொஞ்ச நாள்ல மூன்றரை அடிக்கு ஒண்ணுன்னு நேர்கோடா விரிசல் தெரிய ஆரம்பிக்கும். அதுக்கப்புறம் எடுக்கணும்னா வேலை இன்னும் கெட்டி, ஏன்னா பெயிண்ட், பட்டி, வினைல் மூணும் சேர்ந்து தண்ணியைத் தடுக்கும்.

தோல் தனியா வருதுன்னா கவலைப்படாதீங்க, அது நல்ல அறிகுறி. நீங்க சொல்ற அகலத்துக்கு அது 1.06 மீட்டர் கொரியன் ரோல். அடியில தாள், மேல வினைல் பூச்சு. வினைல் தண்ணி விடாது, அதனாலதான் தெளிச்சது வழிஞ்சுது. வினிகருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. வெறும் வெதுவெதுப்பான தண்ணியும் அதே வேலையைச் செய்யும். அதனால தண்ணியைத் தொடுறதுக்கு முன்னாடி ரெண்டு சுவர்லயும் தோலை முழுசா, ஈரமில்லாம உரிச்சு முடிச்சுடுங்க. கீழ் மூலையில தகட்டால நெம்பி, ரெண்டு கையாலயும் அகலமாப் பிடிச்சு, மேல் பக்கமா, சுவரை ஒட்டியே மடக்கி மெதுவா இழுக்கணும். உங்க நெஞ்சுப் பக்கமா நேரா இழுத்தா விசை முழுக்கப் பட்டி மேல விழும். உள்ளங்கை அளவு பெயர்ந்ததுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்.

தோல் உரியாம அடம்பிடிக்கிற திட்டுகள்ல மட்டும், 60 நம்பர் எமரி ஷீட்டை மரக்கட்டையில சுத்தி வட்டமா தேய்ங்க. பளபளப்பு போய் தாள் தெரிஞ்சாப் போதும். முள் சக்கரம் வச்ச துளையிடும் கருவி ஆன்லைன்ல கிடைக்குது. கொஞ்சம் அழுத்தினாலே பட்டியில நூத்துக்கணக்கில குழி விழும், அப்புறம் ஒவ்வொண்ணா அடைச்சுக்கிட்டு உட்காரணும். நம்ம ஊர் பட்டிச் சுவருக்கு அது ஒத்துவராது.

அடுத்து, சுவர் எதனால ஆனதுன்னு பார்க்கணும். பெயர்ந்த இடத்தோட ஓரத்துல ஈர விரலை அஞ்சு நிமிஷம் வச்சு எடுத்து, நகத்தால கீறுங்க. கெட்டியா இருந்தா சிமென்ட் பட்டி. குழைஞ்சு நகத்துல மாவா ஒட்டினா ஜிப்சம், பிஓபி (பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்), இல்லைன்னா மட்டமான பட்டி. உள்சுவர்லயும் ஒரு மூலையில இதே மாதிரி பாருங்க. ரெண்டு சுவரும் ஒண்ணுன்னு நினைச்சுக்காதீங்க. இது தெரியாம தண்ணி அடிக்கக் கூடாது.

கெட்டியான சுவருக்கு முறை இது. அந்த அறைக்கான எம்சிபியை (மெயின் பெட்டியில இருக்கிற மின் சுவிட்ச்) அணைச்சு, சுவிட்ச் பிளேட்டைக் கழற்றி, பெட்டியை பிளாஸ்டிக் வச்சு டேப் ஒட்டி மூடுங்க. சுவிட்ச் போர்டைச் சுத்தி ஓரடிக்கு ஸ்பிரே வேண்டாம், பிழிஞ்ச ஸ்பாஞ்ச் போதும். தரையில பிளாஸ்டிக் விரிச்சு அதுக்கு மேல பழைய போர்வை. இளகின பசை டைல்ஸ்ல விழுந்தா ஆளை வழுக்கி விட்டுடும்.

5 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணி, பாத்திரம் கழுவுற திரவம் ஒரு மேசைக்கரண்டி. அதுக்கு மேல சோப்பு சேர்த்தா நுரைதான் மிஞ்சும், கழுவுறது கஷ்டம். செடிக்கு அடிக்கிற ஸ்பிரேயரால மேலிருந்து கீழே ஒரு பட்டைக்கு மட்டும் அடிங்க. 5 நிமிஷம் விட்டு இன்னொரு தடவை. மெல்லிய பாலிதீன் ஷீட்டை ஈரத்து மேலேயே ஒட்டவச்சா காயாது, ஃபேன் கண்டிப்பா ஓடக் கூடாது. மொத்தம் 15 நிமிஷம். தாள் முழுக்க ஒரே மாதிரி கருத்திருந்தா பசை வரைக்கும் தண்ணி போயிருக்கு. வெளிர் திட்டு இருந்தா அங்கே இன்னும் போகலை, சுரண்ட ஆரம்பிக்காதீங்க. அவசரப்பட்டுச் சுரண்டுறதாலதான் பாதிப் பேர் பட்டியைக் கெடுத்துக்கிறாங்க.

தகடு 4 அங்குலம், ரெண்டு முனையையும் எமரியில தேய்ச்சு உருட்டிக்கணும், இல்லைன்னா முனை குத்தும். சுவரோட படுக்க வச்சுத் தள்ளுங்க. தாள் ஈர நாடா மாதிரி சுருண்டு வந்தா பக்குவம் சரி. தூள் தூளா வந்தா மறுபடியும் தண்ணி அடிச்சு 10 நிமிஷம் விடுங்க.

கொதிக்கிற தண்ணி வேண்டாம். கையுறை போட்ட கை தாங்குற சூடு போதும். வால்பேப்பர் பவுடர் பசையில பல வகை மீத்தைல் செல்லுலோஸ். அது குளிர்ந்த தண்ணியில கரையும், சூடு அதிகமானா கெட்டிப்படும். சூடு எதுக்குன்னா தாளுக்குள்ள தண்ணி சீக்கிரம் ஊறத்தான்.

சிவில்_மணி:

மேலே சொன்ன முறையில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் மேற்குச் சுவரை வேறு கணக்கில் பார்க்க வேண்டும். அங்கே இருக்கும் பிரச்சினை பசை அல்ல, ஈரம்.

சென்னையில் வெளிக்காற்று வருஷத்தில் பெரும்பாலான நாள் ஈரப்பதம் நிறைந்தது. அறைக்குள் ஏசி ஓடும்போது வெளிச்சுவரின் உள்முகம் குளிர்கிறது. வெளியிலிருந்து சுவர் வழியாக உள்நோக்கி வரும் நீராவி, வினைலைத் தாண்ட முடியாமல் அதன் முதுகில் தங்கி ஈரமாகிறது. அங்கே தாளும் மாவுப் பசையும் இருப்பதால் பூஞ்சைக்கு உணவுக்கும் குறைவில்லை. ஈரமும் வெப்பமுமான ஊர்களில் ஏசி போட்ட அறைகளின் வெளிச்சுவருக்கு வினைல் ஒட்டினால் வரும் வழக்கமான கோளாறு இது. புள்ளிகள் ஜன்னல் ஓரத்தில் அதிகம் என்றால் மழைநீரும் சேர்கிறது என்று அர்த்தம். ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சீலன்ட், சன்ஷேட் மேல் தண்ணீர் தேங்குகிறதா, வெளிப்பூச்சில் விரிசல், ஏசி தண்ணீர்க் குழாய் சுவருக்குள் கசிகிறதா என்று நான்கையும் பாருங்கள். வெளியே சரிசெய்யாமல் உள்ளே என்ன அடித்தாலும் நிற்காது.

பூஞ்சை உள்ள இடத்தை உலர்ந்த நிலையில் சுரண்டாதீர்கள், தூசியோடு வித்துகள் அறை முழுக்கப் பரவும். லேசாக நனைத்துவிட்டு, என்95 முகமூடி, கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்துவைத்து எடுங்கள். எடுத்த தாளை உடனே பையில் கட்டி வெளியேற்றுங்கள். பிளீச்சிங் திரவம் அடிக்க நினைத்தால் ஒரு முக்கியமான எச்சரிக்கை: அந்தச் சுவரில் ஏற்கெனவே வினிகர் தெளித்திருக்கிறீர்கள். வினிகரும் பிளீச்சும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். முதலில் வெறும் தண்ணீரால் நன்றாகத் துடைத்து, காயவிட்டு, அதன் பிறகே பிளீச். வீட்டு உபயோகத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் பத்துப் பங்கு போதும். பட்டிக்குள்ளேயே கறுப்பு இறங்கியிருந்தால் பிளீச் மேல் நிறத்தை மட்டும்தான் வெளுக்கும். அந்தப் பட்டியைச் சுரண்டி எடுப்பதே வழி.

ஸ்டீம் மெஷின் விஷயம்: உங்களுக்குத் தேவையில்லை. தோல் உரிந்தபின் தாள் தண்ணீரை நேராகக் குடிக்கும். ஜிப்சம் சுவரில் ஸ்டீம் கெடுதலும்கூட. அடம்பிடிக்கும் சின்னத் திட்டுகளுக்கு, துணிக்கு ஆவி பிடிக்கும் கையடக்க ஸ்டீமர் வீட்டில் இருந்தால் அதுவே போதும்.

மடிப்பாக்கம்_மாடி:

மிக்க நன்றி. இரண்டு சுவரிலும் தோலை எடுத்துவிட்டேன். நகச் சோதனையில் உள்சுவர் கெட்டி. சொன்ன முறையில் தாள் சுருண்டுதான் வருகிறது, ஆனால் பட்டைகள் சேரும் இடத்திலும் கூரை ஓரத்திலும் நான்கு விரல் அகலத்துக்கு ரப்பர் மாதிரி ஒன்று இருக்கிறது. நனைத்தால் பால் வெள்ளையாக மாறுகிறது, கரைவதில்லை. மேற்குச் சுவர் நனைத்த இடமெல்லாம் பட்டி களிபோலக் குழைந்து தகட்டோடு வருகிறது. என்ன செய்யலாம்?

பட்டித்தகடு:

உள்சுவர்ல இருக்கிறது வெள்ளை மரப்பசை. விளிம்பு தூக்கக் கூடாதுன்னு ஒட்டுறவங்க அங்கே மட்டும் கூடுதலாத் தடவுறது வழக்கம். காய்ஞ்ச மரப்பசை தண்ணியில மறுபடி கரையாது, ஊறி வெளுக்கும், இளகும், அவ்வளவுதான். அதை எடுக்கச் சூடுதான் வழி. ஹேர் டிரையரை ரெண்டு அங்குலத் தூரத்துல அரை நிமிஷம் காட்டி, இளகினவுடனே தகட்டால வழிச்சு எடுங்க, ஆறிட்டா மறுபடி பிடிச்சுக்கும். ஹீட் கன் இருந்தா குறைஞ்ச வேகத்துல, ஒரு சாண் தள்ளி, ஒரே இடத்துல நிறுத்தாம காட்டணும். வினைல் துண்டு எங்கேயும் ஒட்டிக்கிட்டு இல்லாம பார்த்துக்குங்க, அது பிவிசி பிளாஸ்டிக், கருகினா வர்ற புகை மூச்சுக்கு ரொம்பக் கெடுதல். தின்னர், டர்பன்டைன் பக்கத்துல இருக்கவே கூடாது. மீதியை எமரி போட்டுத் தேய்க்க நினைக்காதீங்க. தேய்ச்ச சூட்டுல பசை உருகி எமரியை அடைச்சுடும்.

மேற்குச் சுவர் பட்டியைக் காப்பாத்தப் பார்க்காதீங்க. குழையிற பட்டி மேல எந்த பிரைமர் (பெயிண்டுக்கு முன்னாடி அடிக்கிற அடிக்கோட்) அடிச்சாலும் ஒரு நாள் தகடா உரியும். தாளோட சேர்த்து சிமென்ட் பூச்சு வரைக்கும் சுரண்டிடுங்க. ரெண்டு மில்லிமீட்டர்தான் இருக்கும், ஈரத்தோட எடுத்தா தூசியும் கிடையாது. அப்புறம் விரல் முட்டியால சுவர் முழுக்கத் தட்டிப் பாருங்க. உள்ளே காலியா இருக்கிற மாதிரி சத்தம் வர்ற இடத்துல பூச்சே சுவரை விட்டிருக்கு. அதை உடைச்சுட்டு கொத்தனாரை வச்சுப் பூசணும், பட்டியால நிரப்பக் கூடாது.

புதுப் பட்டி போடுறப்போ மேற்குச் சுவருக்கு வெள்ளை சிமென்ட் பட்டி. வெறும் பூச்சை லேசா நனைச்சுட்டுப் போடணும். ரெண்டு கோட்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல போகாம பார்த்துக்குங்க. கிலோவுக்கு ரெண்டு கோட்டுல சுமார் 10 சதுர அடின்னு கணக்கு வச்சா 120 சதுர அடிக்கு 12 கிலோ. கலந்து 10 நிமிஷம் விட்டு மறுபடி கலக்குங்க, மூணு மணி நேரத்துக்குள்ள தீர்க்குற அளவுக்கு மட்டும் கலக்குங்க. இறுகினதுல தண்ணி ஊத்தி மறுபடி இளக்கிப் போடுற பழக்கம் நிறையப் பேருக்கு உண்டு, பின்னாடி மாவா உதிர்றது அதுதான். உள்சுவர்ல பழைய பெயிண்ட் இருக்கிற இடத்துல சின்னச் சின்ன ஒட்டுப்போட அக்ரிலிக் பட்டிதான் சரி.

நீலாங்கரை_நிலா:

இடையில் ஒரு சின்னக் கேள்வி. பிள்ளைகள் அறையில் ஸ்டிக்கர் மாதிரி பின்தாளை உரித்து ஒட்டும் வகை, 45 செ.மீ. ரோல். இதற்கும் தண்ணீர்தானா?

பட்டித்தகடு:

இல்லைங்க. அது ஸ்டிக்கர் கோந்து, தண்ணிக்கு அசையாது. ஹேர் டிரையரால சூடு காட்டி, காட்டின இடத்தை மட்டும் மடக்கி மெதுவா உரிச்சுக்கிட்டே போகணும். மிச்சம் நிற்கிற பிசுபிசுப்புக்கு யூகலிப்டஸ் தைலமோ ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலோ துணியில தொட்டுத் துடைங்க. தைலம் போட்டா சோப்புத் தண்ணியால கழுவியே ஆகணும், எண்ணெய்ப் பசை இருந்தா பெயிண்ட் அங்கே பிடிக்காம வட்ட வட்டமா விலகும். பெயிண்ட் சுவர்ல பலமில்லாம இருந்தா கோந்தோட பெயிண்டும் உரியும், அதை முழுசாத் தடுக்க வழி கிடையாது.

வடமேற்கு_லண்டன்:

வணக்கம். நாங்கள் லண்டனில 1930களில் கட்டின வீட்டில இருக்கிறம். இஞ்ச சுவரில வுட்சிப் பேப்பர், மேல நாலைஞ்சு தரம் பெயின்ற் அடிச்சிருக்கு. அதுக்கு ஸ்ரீமர் வேணுமோ, இல்லாட்டித் தண்ணியே போதுமோ? சீலிங்கில சுழி சுழியா ஒரு கோலமும் இருக்கு. அதையும் சுரண்டலாமோ?

சிவில்_மணி:

சீலிங்கை இப்போதைக்குத் தொடாதீர்கள். பிரிட்டனில் 2000ஆம் ஆண்டுக்கு முன் போட்ட அந்த வகைக் கோலப் பூச்சுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்திருக்கலாம்; அங்கே முழுத் தடை 1999இல்தான் வந்தது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் சோதித்து முடிவு வரும்வரை சுரண்டுவது, தேய்ப்பது, துளை போடுவது எதுவும் கூடாது.

சுவருக்கு ஸ்டீமர்தான் சரி. வுட்சிப் தாளில் இரண்டு தாளுக்கு நடுவே மரச் சீவல் இருக்கும். மேலே அத்தனை கோட் பெயின்ட் இருப்பதால் தண்ணீர் தானாக இறங்காது. முதலில் தகட்டால் மேல் முடிச்சுகளை உடைத்து, பெயின்ட் படலத்தில் வழி உண்டாக்குங்கள். பிறகு ஸ்டீமர் தட்டை ஓரிடத்தில் 30 வினாடி முதல் ஒரு நிமிஷம் வைத்து, அடுத்த இடத்துக்கு நகர்த்திக்கொண்டே முந்தைய இடத்தைச் சுரண்டுங்கள். அதற்கு மேல் வைத்தால் பழைய பூச்சு சுவரைவிட்டுப் பிரிந்துவிடும். பின்னாளில் பிளாஸ்டர்போர்டு (இரண்டு தாளுக்கு நடுவே ஜிப்சம் வைத்த பலகை) வைத்த சுவர் இருந்தால் இன்னும் குறைந்த நேரம். அதன் மேல்தாளும் ஊறி உரியும். தட்டிலிருந்து கொதிநீர் முழங்கைக்கு வழியும், தலைக்கு மேலே வேலை செய்யும்போது நீளக் கையுறை அவசியம்.

அந்த வயதுள்ள வீட்டில் தாளுக்கு அடியில் ஈயம் கலந்த பழைய பெயின்ட் இருக்க வாய்ப்புண்டு. உலர்ந்த நிலையில் எமரி போடாதீர்கள். இது இந்தியாவில் இருப்பவர்களுக்கும் பொருந்தும். வீட்டு பெயின்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்கு) மேல் கூடாது என்ற விதி இங்கே நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில்தான். பழைய எனாமல் மேல் வால்பேப்பர் ஒட்டியிருந்தால் ஈரமாகவே சுரண்டுங்கள்.

மடிப்பாக்கம்_மாடி:

ஹேர் டிரையரில் ரப்பர் பசை வந்துவிட்டது. மேற்குச் சுவரும் பூச்சு வரை சுத்தம். சன்ஷேடுக்கு மேலே விரிசல் இருக்கிறது, அதை அடைக்கச் சொல்லியிருக்கிறேன். இனி நேராக பிரைமர் அடிக்கலாமா?

சிவில்_மணி:

இன்னும் இல்லை. தாள் போனாலும் பசை ஒரு மெல்லிய படலமாக நிற்கும், காய்ந்தபின் கண்ணுக்குத் தெரியாது. அதன் மேல் எமல்ஷன் போனால் பெயிண்டில் உள்ள தண்ணீர் அதை மறுபடி உயிர்ப்பித்து, காயும்போது சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விழும். ஈரக் கையால் சுவரைத் தடவிப் பாருங்கள். வழவழப்பு இருந்தால் பசை இருக்கிறது. காயத்துக்குப் போடும் அயோடின் மருந்தைத் தண்ணீரில் தேநீர் நிறத்துக்குக் கலந்து ஒரு சொட்டு வையுங்கள். கருநீலமானால் மாவுப் பசை. நிறம் மாறவில்லை என்பதால் சுத்தம் என்று முடிவுகட்ட முடியாது, செல்லுலோஸ் பசைக்கு அயோடின் நிறம் காட்டாது. அதனால் கை சொல்வதை நம்புங்கள்.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஸ்பாஞ்ச், இரண்டு வாளி. ஒன்றில் அலசி, மற்றதில் தோய்த்துத் துடையுங்கள். தண்ணீர் கலங்கியதும் மாற்றுங்கள், இல்லையென்றால் பசையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் தடவிக்கொண்டிருப்பீர்கள். இரண்டு மூன்று சுற்று ஆகும். உள்சுவர் மூன்று நாளில் காய்ந்துவிடும். மேற்குச் சுவருக்குக் கணக்குச் சொல்ல முடியாது. 45 செ.மீ. சதுர பாலிதீன் ஷீட்டை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, குறைந்தது 16 மணி நேரம் கழித்து எடுத்துப் பாருங்கள். அடியில் வியர்த்திருந்தாலோ சுவர் கருத்திருந்தாலோ இன்னும் ஈரம். வெள்ளையாக உப்புப் பூத்தால் உலர்ந்த பிரஷால் தட்டிவிடுங்கள். கழுவினால் உப்பு கரைந்து மறுபடி உள்ளேதான் போகும்.

பட்டித்தகடு:

பிரைமர்ல ஒரு வித்தியாசம் வையுங்க. உள்சுவருக்கு தின்னர் கலந்து அடிக்கிற சால்வென்ட் பிரைமர் ஒரு கோட். எஞ்சியிருக்கிற பசையை அது பூட்டும், தண்ணி இல்லாததால கிளப்பாது. மேற்குச் சுவர்ல அதை அடிச்சா உள்ளே இருக்கிற ஈரம் கொப்புளமா வெளிவரும். அங்கே தண்ணியில கலக்குற பிரைமர்தான். எமல்ஷனும் அந்தச் சுவருக்குப் பளபளப்பு குறைஞ்சதா வாங்குங்க. ஐப்பசி, கார்த்திகை அடைமழையில அந்தச் சுவரைத் தொடவே வேண்டாம், தை பிறந்தப்புறம் வச்சுக்கலாம்.

முழுச் சுவருக்கு அடிக்கிறதுக்கு முன்னாடி, பட்டைகள் சேர்ந்த இடத்துல ஒரு சதுர அடிக்குப் பிரைமரும் எமல்ஷனும் அடிச்சு ஒரு நாள் விடுங்க. வெடிப்பு வரலைன்னா, மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்குன்னு இழுங்க. டேப்போட பெயிண்ட் வந்தா அந்த இடத்தை மறுபடி கழுவணும்.